முதுகோடு முதுகாக ஓர் அடுப்படி

தாராவி,
12-8-1986

அன்புள்ள சாயிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறாயா, வழக்கம்போலச் சும்மா இருக்கிறாயா?

முதலாளி கரீம் பாட்சா என்னை இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்புகிறான். தோல் பை வாங்க வரும் வெளிநாட்டாரிடம் நான் சரளமாகப் பேசாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளாம். யாரிடமும் போகாமல் இங்கிலீஷ் இலக்கணம் கற்றவன் நான். என்னைக் கழற்றிவிடத்தான் இந்த ஏற்பாடு.

மாட்டுங்கா வகுப்பு டீச்சர் பாடமே நடத்துவதில்லை, தப்பையும் திருத்துவதில்லை. நேற்று என்னையும் தையல்கார இசக்கிப்பாண்டியையும் முதுகோடு முதுகாக உட்காரவைத்தாள். என் வீட்டு அடுப்படியை நான் இங்கிலீஷில் சொல்ல, அவன் கேட்டு வரைய வேண்டுமாம்.

"எங்க வீட்டு வாசல் எங்க இருந்தா உங்களுக்கு என்னம்மா?" என்றேன்.

"பாய், நான் வந்து அம்மியவா தூக்கிட்டுப் போப்போறேன்?" என்று சிரித்தான் இசக்கிப்பாண்டி.

பட்டும் படாமலும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஜன்னலை மேற்கே வைத்திருக்கிறான்! அது சரியாகும்வரை இங்கிலீஷிலேயே சண்டை போட்டேன்.

"கால் மணி நேரமா நிறுத்தாமப் பேசினீங்க. நான் கேட்டதே இதுதான்" என்றாள் டீச்சர்.

இதிலும் ஏதோ சூது இருக்கிறது. அடுத்த வாரம் வெளிநாட்டான் வரும்போது தெரிந்துவிடும்.

கருவாடு யாரிடமாவது கொடுத்தனுப்பு. இசக்கிப்பாண்டி வரைந்த நம் அடுப்படிப் படத்தை வகுப்பில் விட்டுவர நம்பிக்கையில்லை, தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். தண்ணீர்ப் பானை அடுப்புக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே எழுது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

ஜெயினுலாப்தீன்