லேப் கவுன்ட்டரில் சொல்லாமல் விட்டது

வாத்தியாரே,

அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு டாக்டரைப் பாத்துட்டு வர்றேன். பாப்பா பால் குடிச்சிட்டு உங்க பக்கத்துலதான் தூங்குறா. சாதம் குக்கர்ல இருக்கு, சாவி ஆணியில தொங்குது.

என் ரத்த ரிப்போர்ட்ல வெள்ளை அணு கூடியிருக்குன்னு போட்டிருந்த சிவப்பு நட்சத்திரத்தைப் பாத்தீங்க. பசங்க பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்தி, சிவப்பு மைன்னாலே ஃபெயில்னு முடிவு பண்ற கண்ணு உங்களுக்கு. உடனே எனக்கு ஏதோ தொத்து வியாதின்னு முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டு, பாப்பாவை ஹாலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. அதுக்குத்தான் நேத்து அவ்வளவு கத்தினேன்.

காலையில டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணேன். சிரிச்சாங்க. பிள்ளை பெத்த புதுசுல வெள்ளை அணு கூடுதலாத்தான் இருக்குமாம், காய்ச்சல் கீய்ச்சல் இல்லேன்னா பயப்பட வேண்டாமாம். லேப்ல என்னைச் சாதாரணப் பொம்பளைக் கணக்குல போட்டிருக்காங்க. அவங்களையும் கேட்டேன். "வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டோம்மா, சார் ஒண்ணுமில்லைன்னுட்டார்"ங்கிறாங்க.

தெருவையே எழுப்புற ஒருத்தியைப் பெத்து ஒரு வாரம் ஆகுது, ஒண்ணுமில்லையா? பால்காரர்ல ஆரம்பிச்சு பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிட்டு, சொல்ல வேண்டிய ஒரே இடத்துல கோட்டை விட்டுட்டீங்களே.

பி.கு: இரும்புச் சத்து மட்டும் நிஜமாவே கம்மியாம், அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னாங்க. மாத்திரை நானே வாங்கிட்டு வர்றேன். கடைக்காரர்கிட்ட நீங்க என்ன சொல்லாம விடுவீங்களோ.

இன்னொண்ணு: கோபம் போயிடுச்சு. பாப்பா முழிச்சதும் துண்டை அவுத்துட்டுத் தூக்குங்க. நேத்துலேர்ந்து யாருடா இந்தத் திருடன்னு பாத்துக்கிட்டிருக்கா.