சுவரில் இருக்கும் ஜெயசீலி

இயேசு மரி சூசை

மாட்டுங்கா லேபர் கேம்ப், பம்பாய்
23.11.1986

அன்புள்ள ஜெயசீலிக்கு ஆபிரகாம் எழுதுவது.

நீ பரோடாவில் வகுப்பில் உன்னையே வரைந்து அனுப்பிய படத்தை எங்கே மாட்டுவது என்ற பிரச்சினைக்கு, மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு, அக்டோபர் இருபத்தாறாம் தேதி காலை பதினொரு மணிக்கு இறுதி முடிவு காணப்பட்டது.

வாசல் சுவரில் மாட்டினால் கதவு முழுதாகத் திறக்காது. அடுப்புச் சுவரில் ஸ்டவ் புகை. மூன்றாவது தகரச் சுவர் நமக்கும் முருகம்மாளுக்கும் பொது. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் அவள் வீட்டு முருகன் காலண்டரில் முனை தெரியும். மிஞ்சியது பீடச் சுவர். திரு இருதய ஆண்டவருக்கு இடப்பக்கம், சிவப்பு பல்புக்கு அரை அடி தள்ளி மாட்டினேன். "எலே, பிள்ளைக்கு அம்மா முகம் மறக்கக் கூடாதுன்னுதான அனுப்பியிருக்கா. சாமி கும்பிடுற எடத்துல இருந்தா தெனமும் பாக்கும்லா" என்று லூர்து மேரி அக்கா சொன்னது ஏற்கப்பட்டது. முகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்றும் அக்கா கேட்டாள். எம்.ஏ.வில் அப்படித்தான் என்றேன்.

அந்த வியாழக்கிழமை ஜெபமாலைக் கூட்டம் நம் வீட்டுக்கு வந்தது. நடத்துகிறவர் மிக்கேல்ராஜ் அண்ணாச்சி. செம்பூரிலிருந்து புதிதாக வந்தவர், உன்னைப் பார்த்ததில்லை. நம்மவர்கள் வீட்டில் அந்தச் சுவரில் புனிதர்கள் இருப்பார்கள், இல்லையென்றால் இறந்தவர்கள் இருப்பார்கள். உன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை. போகும்போது பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். படம் பிடித்துப்போயிற்று என்று நினைத்து நானும் சொன்னேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பூசையில், இறந்த விசுவாசிகள் பட்டியலில் உன் பெயர் வாசிக்கப்பட்டது.

பூசை முடிந்ததும் பதினான்கு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குழாயடியில் உன்னோடு இரண்டு வருடம் பேசாமலிருந்த அம்மாள், "தங்கமான புள்ள, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா" என்று அழுதாள். இறக்கவில்லை, ஓவியத்தில் எம்.ஏ. படிக்கப் போயிருக்கிறாள், ஏப்ரலில் முதல் வருடம் முடிந்துவிடும் என்று விளக்கினேன். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைய விட்டுட்டா? படம் போடவா?" என்றாள். அதன் பிறகு உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல யாரும் இல்லை.

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டார். ஆனால் பட்டியல் மாதம் முழுவதற்கும் எழுதியாகிவிட்டதாம், நடுவில் ஒரு பெயரை அடித்தால் மற்ற குடும்பத்தார் சந்தேகப்படுவார்களாம். இன்று நான்காம் முறை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறோடு மாதம் முடிகிறது. ஒரு மாதமாக ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருந்தாய். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விஷயம். பரீட்சைக்கு வைக்கவேண்டிய படங்களில் பாதிகூட ஆகவில்லை, லீவில் ஊருக்குப் போனால் இந்த வருடம் தேறமாட்டாய் என்று உன் சார் சொன்னதாக எழுதி, வரட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். ஒரு ஆணிக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? வா என்று எழுதி ஒரு தாளைக் கிழித்தேன். வராதே என்று எழுதி இன்னொன்றைக் கிழித்தேன். அக்காவைக் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். சார் சொல்கிறபடி செய். டிகிரி இல்லாமல் திரும்பினால் இந்த ஐந்து மாதத்துக்கு நாம் யாரிடம் என்ன பதில் சொல்வது?

பவுலின் என்னை மறந்துவிட்டாளா, ஒளிக்காமல் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். மறக்கவில்லை. ஜூனில் நீ ரயிலேறியபோது இருந்ததைவிட இப்போது நன்றாகப் பேசுகிறாள். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் அக்கா தூக்கிப் பிடிப்பாள். பவுலின் உன் பச்சைக் கன்னத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்வாள். முட்டை தின்றதையும் கீழே விழுந்ததையும் உன்னிடம்தான் சொல்கிறாள். அம்மா எங்கே என்றால் சுவரைக் காட்டுவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

சாருக்குக் கோபம் வராது என்றால், உன் தோலின் நிறத்திலேயே ஒரு படம் போட்டு அனுப்பு. சின்னதாக இருந்தாலும் போதும். சீக்கிரம் அனுப்பு.

குளிர் வந்திருக்கும், ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காதே. மாதா உன் கூடவே இருந்து, உன்னை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாளாக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
ஆபிரகாம்

பி.கு.: ஹாஸ்டல் வாசலில் நின்று நீ எடுத்துக்கொண்ட போட்டோ கடிதத்தோடு வந்து சேர்ந்தது. பவுலின் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். யார் இது என்று இந்தியில் கேட்டாள். பிறகு போட்டோவை அக்காவிடம் கொடுத்துவிட்டு முருகம்மாள் வீட்டுக்கு விளையாடப் போய்விட்டாள்.