வினைச்சொல்லை முன்னால் வை

பிப்ரவரி 9

என் செல்ல மகளுக்கு,

நான் நலம். நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெர்மன் படித்தோம். நீ பேச்சுத் தேர்வில் தவறி நான் தேறியதற்கு நான் என்னடி செய்வேன்? ஐம்பத்திரண்டு வயதில் தனியாக ஜெர்மனிக்கு வந்து கிடக்க எனக்கு மட்டும் ஆசையா?

இந்த முதியோர் இல்லத்தில் ஒன்பது பேர் என் பொறுப்பு. முப்பது வருஷம் நர்ஸாகச் செய்த வேலைதான், கை தானாகப் போகிறது. வாய்தான் மக்கர் பண்ணுகிறது. "ஸீ டே டிரிங்கன்?" என்று கேட்கிறேன், டீ குடிக்கிறீர்களா என்று. எல்லாரும் முறைக்கிறார்கள். "நீ கேக்கிற மாதிரியே இல்ல, அதட்டுற மாதிரி இருக்கு" என்கிறார் தலைமை நர்ஸ். நீதான் இலக்கணத்தில் கெட்டி. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுது.

வழி பார்த்திருக்கும்,
அம்மா

பிப்ரவரி 24

அம்மாவுக்கு,

பல் ஆஸ்பத்திரி வேலை நடக்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில்.

நீ ஜெர்மன் சொற்களை வைத்துக்கொண்டு தமிழ் பேசுகிறாய். நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். அதன் வாலில் ஓர் 'ஆ' ஒட்டினால் கேள்வி. அவர்களுக்கு அந்த வால் கிடையாது. சாதாரணமாகச் சொல்லும்போது 'டிரிங்கன்' என்ற வினைச்சொல் இரண்டாம் இடத்தில்: ஸீ டிரிங்கன் டே. ஆமாம், இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்வியா, அதைத் தூக்கி முன்னால் வை: டிரிங்கன் ஸீ டே? எங்கே, எப்போது என்று கேட்டால் அந்தச் சொல் முதலில், வினைச்சொல் மறுபடி இரண்டாவது. இவ்வளவுதான்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 15

கண்ணே,

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

இங்கே ஒரு பெரியவர், ரயில் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு வந்து சேர்ந்து ஏழு மாதம். ஒரு வார்த்தை பேசியதில்லை. தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாரும் அவரை எழுப்புவோம், உட்கார வைப்போம், ஊட்டுவோம், போவோம்.

திங்கட்கிழமை காலை அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, நீ எழுதியபடி கேட்டேன்: "டிரிங்கன் ஸீ டே?"

அவர் மெல்லத் திரும்பினார். என்னையே பார்த்தார். "கஃபே" என்றார்.

காப்பியாம்! ஏழு மாதம் கழித்து ஒரு மனிதர் வாயைத் திறந்து, எனக்கு டீ வேண்டாம் என்கிறார். தலைமை நர்ஸ் ஓடி வந்து, "யாரு பேசினது?" என்றார். நான் அவரைக் கைகாட்டினேன். பிறகு அவர் என்னிடம், "வோஹேர் கொம்மன் ஸீ?" என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று. அந்த 'எங்கிருந்து' முதலில், வினைச்சொல் இரண்டாவது, நீ எழுதியபடியே! ஒரே ஒரு சொல்லை இடம் மாற்றினேனடி, ஓர் ஆள் திரும்பி வந்துவிட்டார்.

இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று தலைமை நர்ஸ் விசாரித்தார். "என்னை யாரும் எதுவும் கேக்கலையே" என்றாராம்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். "நாம போறோம்" என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? இப்போது கேட்கிறேன். வில்ஸ்ட் டு கொம்மன்? வர உனக்கு விருப்பமா? எந்தப் பதிலானாலும் எனக்குச் சம்மதம்.

அம்மா

ஏப்ரல் 2

அம்மா,

நைன். இல்லை, எனக்கு விருப்பமில்லை.

தேர்வில் கேட்டதெல்லாம் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் தேறிவிடுவேன், தேறினால் கிளம்ப வேண்டும் என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். நீ தனியாகப் போவாய் என்று நினைக்கவே இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. போனை எடுத்தால் உன் குரலிடம் பொய் சொல்ல வேண்டுமே என்றுதான் எடுக்கவில்லை.

நேற்று ஒரு வாத்தியார் புதுப் பல் செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் சிரித்துச் சிரித்துப் பார்த்தார். அந்தப் பற்கள் நான் செய்தவை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அம்மா.

அந்தப் பெரியவர் பேசியதைப் படித்து, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். ஒரு மனிதருக்குள் ஏழு மாதம் ஒரு சொல் அப்படியே இருந்திருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுக்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும்: வான் கொம்ஸ்ட் டு? நீ எப்போது வருவாய்?

உன் மகள்