பிழிந்த விரல்

பேச்சை முறித்து, அறையைத் தாழிட்டுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கு,

காலையில் உங்கள் விரலில் குத்தி, கைக்கருவியில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தேன். பொட்டாசியம் ஏழு, நெஞ்சே நின்றுபோகும் அளவு. "விரலைப் பிழிஞ்சா ரத்த அணு உடைஞ்சு கூடுதலாத்தான் காட்டும். லேப்காரனுக்கே பாடம் எடுக்காதே" என்று எரிந்து விழுந்தீர்கள்.

பிழிந்தது உண்மைதான். அதனால் இப்போது என் விரலை அதைவிட முரட்டுத்தனமாகப் பிழிந்து பார்த்தேன். நாலுதான் காட்டியது, சரியான அளவு.

நேற்று டயாலிசிஸுக்குப் போகாமல் ஏமாற்றியது யார் என்று நான் கேட்கவே மாட்டேன். வாசலில் வண்டி நிற்கிறது. இந்தக் காகிதம் கதவுக்கு அடியில் வந்ததும் திறந்துவிடுங்கள்.

பொட்டாசியம் ஏறிக் கால் துவண்டு எழ முடியவில்லை என்றால் பயப்படாதீர்கள். பக்கத்து வீட்டுத் தச்சர் உளியோடு என் அருகில்தான் நிற்கிறார். உங்கள் கௌரவத்துக்காக, தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் வீட்டுக்காரி