மாமியார் சோதனை

12 பிப்ரவரி 2021
உடைந்த இடுப்பு எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் திருகாணி செய்வது என் பிழைப்பு. இன்று காலை ஆய்வகத்தில் சோதனைக்காக ஒரு திருகாணியை மெஷினில் அழுத்தி உடைத்தேன். மத்தியானம் வீட்டில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மாமியார் உடைத்தால் மண்குடமாம். இது எந்தக் குடம்? சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன்.

14 பிப்ரவரி
ஆபரேஷன் முடிந்தது. வலது பக்கம். போட்டது எங்கள் கம்பெனி திருகாணி. “உங்க ஆணியா? அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார் அத்தை. இவ்வளவு நம்பிக்கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

9 ஏப்ரல்
தொடை எலும்பின் தலை திருகாணியைச் சுற்றிச் சுழன்று, பிடி விட்டுப்போச்சு. மறுபடி கத்தி. மூட்டையே மாற்ற வேண்டுமாம். ஏன்? மெஷினில் அத்தனை தடவை அழுத்திப் பார்த்ததுதானே! அத்தை “சாப்பிட்டியாடி?” என்றுதான் கேட்கிறார். திட்டுங்களேன் அத்தை.

2 ஜூன்
வாக்கர் பிடித்து நடக்கிறார். நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்தேன். பாதி எழும்போதே உடம்பைத் திருப்பிவிடுகிறார். நேராக எழுந்தால் என்ன என்று கேட்டேன்.

“எங்க நேரா எழுந்திரிக்க விடுறீங்க? எப்பவும் யாராவது பின்னாலேர்ந்து கூப்பிடுறீங்க. திரும்பிக்கிட்டேதான் எழுந்திரிப்பேன்.”

எங்கள் மெஷின் மேலிருந்து நேராக மட்டும்தான் அழுத்துகிறது. அதை யாரும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை.

8 ஜூன்
அழுத்தும்போதே திருப்பவும் வேண்டும் என்றேன். மேனேஜர் முகம் சுளித்தார், பிறகு சம்மதித்தார். கூட வேலை செய்கிறவர்கள் அதற்குள் பேர் வைத்துவிட்டார்கள்: மாமியார் சோதனை.

11 ஜனவரி 2022
பழைய திருகாணி அதில் தேறவில்லை. நான் வரைந்த புதியதும் இன்று உடைந்தது. வீட்டில் சொல்லிப் புலம்பினேன். “மருமக உடைச்சா பொன்குடம்டி. நல்லா உடை” என்று அத்தை சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

5 செப்டம்பர்
பெரிய திருகாணிக்குப் பக்கத்தில் மெலிசாக இன்னொன்று. இரண்டும் கைகோத்து நின்றால் எலும்பு திரும்பாது. தாங்கிவிட்டது. மெஷின் முன்னாலேயே அழுதேன்.

17 நவம்பர் 2024
அத்தை மறுபடி விழுந்துவிட்டார். இந்தத் தடவை இடது பக்கம். டாக்டர் எங்கள் புதிய இரட்டைத் திருகாணியைத்தான் போடுகிறார். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்து, “இது என்னை மாதிரி எழுந்திரிச்சுப் பாத்த ஆணிதானே?” என்றார். ஆமாம் என்றேன். பயமாக இருக்கிறது. கடவுளே, இது நிற்கட்டும்.

2 மார்ச் 2025
சமையலறையிலிருந்து “அத்தை” என்று கூப்பிட்டேன். வேண்டுமென்றேதான், பின்னாலிருந்து. பாதி எழும்போதே திரும்பி, “என்னடி?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒண்ணுமில்லாததுக்கு ஒரு கூப்பாடா என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்து வந்தார்.