கேபினட் பார்த்த ஞாயிறுகள்

மே 4, ஞாயிறு

இன்றைக்கும் கேபினட் வாங்கவில்லை.

மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் என் ரூமில் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது. எல்லாவற்றையும் உள்ளே வைத்து முடுக்க ஒரு தகரப்பெட்டி, அது ஒன்றுதான் பாக்கி. நிரு ரொம்ப நாளாகக் கேட்ட கேமிங் பிசி. ரெடிமேடு வேண்டாம், நாமே கோர்க்கலாம் என்றது நான்தான். அந்தப் புண்ணியத்தில் ஜனவரியிலிருந்து என் பெண் ஞாயிறு தவறாமல் லாஸ்பேட்டையில் என் ரூமுக்கு வருகிறாள். அதற்கு முன்னால், அவள் அம்மா என்னை விட்டுப் போனதிலிருந்து, மாதம் ஒருதரம் வந்தாலே அதிசயம்.

காமராஜ் சாலை கம்ப்யூட்டர் கடைக்காரர் இராமதாஸ் ஒரு பெட்டியைக் காட்டினார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் லைட். நிரு கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்து எதுலப்பா இழுக்கும்? கார்டு வெந்துடும்" என்றாள். சரியாகச் சொன்னாள். இந்தக் கத்திரி வெயிலில் அது இட்லிக் குண்டான்தான்.

மூவாயிரத்துக்குள் நல்ல பெட்டி கிடைக்காமலா போகும்? கிடைக்கும். கிடைத்துவிட்டால்? பிசி முடிந்துவிட்டால் அவள் இங்கே எதற்கு வருவாள், என் மூஞ்சியைப் பார்க்கவா?

மே 7

நிருவின் அம்மா ஹேமலதா போன். "புள்ள வெயில்ல அலையிறா. ஒரு பெட்டி வாங்க இத்தன மாசமா?"

"அவசரப்பட்டுக் கட்டிக்கிட்டா என்னா ஆகும்னு நமக்குத் தெரியாதா" என்றேன். வைத்துவிட்டாள். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது இல்லை.

மே 11, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்தது மகா மட்டம். பக்கத் தகட்டை அழுத்தினால் டப்பு டப்பென்று அமுங்குகிறது. ஓரத்தை மடிக்கக்கூட இல்லை, நிரு விரலைக் கிழித்துவிட்டது. கடையிலேயே பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தப் பெட்டி மேல் கோபமே வரவில்லை, அதுதான் உண்மை.

பெயிண்ட்டும் மட்டம், நம்ம ஊர் உப்புக்காற்றில் ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கும் என்றேன். இராமதாஸுக்கு எரிச்சல். "கைபட்டா குத்தம், கால்பட்டா குத்தம்னா நான் எதத்தான் சார் காட்டறது?"

அப்புறம் பீச்சில் ஐஸ்கிரீம். ஆந்தனி அங்கிள் அதைச் செய்தார், இதைச் செய்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஹேமலதா இப்போது கட்டியிருக்கிறவன். பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பம், பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது, மாடி வீடு, கார். நான் ஒரு ஹோட்டலில் ஃபியூஸ் போடுகிறவன். ஐஸ்கிரீம் பாதியிலேயே கசந்துவிட்டது.

மே 18, ஞாயிறு

பாவி நான்.

இன்றைக்குப் பார்த்தது நல்ல பெட்டி. முன்பக்கம் முழுக்க வலை. ஓரமெல்லாம் மடித்திருக்கிறது, தகடும் கெட்டி. தூசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவலாம். ஒயரை ஒளிக்கப் பின்னால் இடம். விலையும் நம் கைக்குள்தான். நிருவுக்கு முகமெல்லாம் பல்.

நான் சொன்னேன்: "கார்டு நீளம். இதுல போவாது."

அளக்கவில்லை, கிட்டப்போய்ப் பார்க்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அவள் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தாள். அளக்காமல் எதையும் வாங்காதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கார்டு அளவு அவளுக்கு மனப்பாடம். "நாலு விரல் எடம் மிச்சம் இருக்குப்பா." இராமதாஸ் பில் புக்கைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

ரோட்டில் வந்து கேட்டாள். "உனக்கு முடிக்க இஷ்டமில்ல. அதானே?"

"உனக்கு என்னாடி தெரியும்?" என்று கத்தினேன். நடு ரோட்டில். அவள் வந்து நின்ற ஷேர் டெம்போவில் ஏறிப் போய்விட்டாள்.

முடிஞ்சிட்டா நீ வரமாட்டியோன்னு பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?

மே 19

அந்த வலைப் பெட்டியையே வாங்கிவிட்டாளாம். அம்மாவோடு போய். ஹேமலதா மெசேஜ்: "மத்த சாமானெல்லாம் எடுத்து வை. சனிக்கிழமை ஆள் வரும்."

மே 24, சனி

ஆள் இல்லை, ஆந்தனியே வந்தான். "வணக்கம்ணே." ஒவ்வொரு பெட்டியையும் முட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் காரில் வைத்தான். கீழே வீட்டுக்கார அம்மா மணியம்மாள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

போகும்போது, "நாளைக்கு வீட்டுக்கு வாங்கண்ணே, நீங்களே கோத்துக் குடுங்க. நிருதான் கேக்கச் சொன்னா" என்றான்.

எனக்கு வேலை இருக்கு என்றேன். ஒரு வேலையும் இல்லை. இவன் திமிர் பிடித்தவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! நல்லவனாக இருந்து என் உயிரை வாங்குகிறான்.

மே 25, ஞாயிறு

யாரும் வரவில்லை. நிருவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பெட்டிக்குள் பாதி வேலை முடிந்திருக்கிறது. ஓரத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு ஒரு கை. அது என் கை இல்லை.

மே 27

நிரு போன். "அப்பா, ஆன் ஆவல. போர்டுல லைட் எரியுது. பட்டன அமுக்கினா ஒண்ணுமே இல்ல." அழுகைக் குரல்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பவர் பட்டன் ஒயரை, போர்டில் வரிசையாக நிற்கிற குட்டி ஊசிகளில் ஒரு பின் தள்ளிச் செருகியிருப்பாள். கேபினட்டிலிருந்து வருகிற ஒயரிலேயே அதுதான் பொடிசு, எல்லாரும் அதில்தான் தப்பு விடுவார்கள்.

"ஞாயித்துக்கெழம கொண்டா, பிரிச்சுப் பாக்கணும்" — தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் வந்திருப்பாள். நானும் இன்னும் நாலு ஞாயிறு இழுத்திருப்பேன்.

சொல்லவில்லை. "பவர் பட்டன் ஒயர ஒரு பின் தள்ளிப் போட்டுப் பாரும்மா" என்றேன்.

போனைக் கீழே வைத்துவிட்டு ஒயரை மாற்றினாள். அப்புறம் ஃபேன் சுற்றுகிற சத்தம், அவள் கத்தல், பின்னால் கைதட்டல். "சூப்பர்ப்பா! வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான் கதை.

மே 28

ஹோட்டல் மேனேஜரிடம் போய் ஞாயிறு டூட்டியை எனக்கே போடச் சொல்லிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அவருக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 1, ஞாயிறு

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தேன். மணியம்மாள் கேட்டைத் திறந்துகொண்டே, "உம் பொண்ணு வந்துட்டுப் போச்சு. மத்தியானம் வரைக்கும் படிக்கட்டுலயே குந்தினு இருந்துச்சு" என்றாள்.

பிசி நின்றுவிட்டதா?

"கம்ப்யூட்டருக்கு என்னா ஆச்சுன்னு நானும் கேட்டேன். அது நல்லா ஓடுதாம். சும்மாதான் அப்பாவப் பாக்க வந்தேன்னுச்சு. போன் போடும்மான்னேன். வேலையில இருப்பாரு, வேணாம்னுடுச்சு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் மேனேஜருக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் சார், மாத்திக் குடுங்க என்றேன்.

"ஆகஸ்ட் வரைக்கும் டூட்டி சார்ட் போட்டு ஒட்டியாச்சு. நீங்களா கேட்டு வாங்கினதுதானே பலராமன்?" என்றார்.