யதுசாவின் அடையாளம்

2006 யூன் 11
மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் பிள்ளைகளுக்கு அட்டை எழுதினோம். சண்டை வந்து ஓடுகிற நேரத்தில் பிள்ளை காணாமற்போனால் தேடிப்பிடிக்க ஒரு படம், பெயர், உடம்பிலுள்ள அடையாளம். எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து நானும் கூட வேலைசெய்யும் அல்பிரட்டும் போனோம். நல்ல காரியம்தானே — ஆனால் தாய்மாரின் முகத்தைப் பார்த்தால் நாங்கள் களவெடுக்க வந்தவர்கள் மாதிரி. புஷ்பவதி என்ற ஒருத்தி மூன்று வயது மகளை மடியை விட்டு இறக்கவேயில்லை. கண்ணூறு படாமலிருக்கப் பிள்ளையின் கன்னத்தில் பெரிய கறுத்தப் பொட்டு. மச்சம், தழும்பு ஏதும் இருக்கா என்று கேட்டேன். "ஒண்டுமில்லை மிஸ்." அடையாளம் இல்லை என்று எழுதிப் படமெடுத்தேன். வெயில், பசி. நானும் எரிந்துதான் விழுந்திருப்பேன்.

ஓகஸ்ட் 3
மூதூர்ப் பக்கம் ஷெல் விழுகிறது. திருகோணமலையில் எங்கள் வீட்டு யன்னல் அதிர்கிறது.

ஓகஸ்ட் 12
கப்பல்துறை அகதி முகாமில் புஷ்பவதியைக் கண்டேன். பிள்ளை இல்லை. கந்தளாய் வீதியில் சன நெரிசலில் கை விட்டுப்போனதாம். "நீங்கள்தானே எழுதினீங்கள், தேடித் தாங்கோ மிஸ்." பிடித்த கையை விடவில்லை. தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் துணிவில் சொன்னேன்?

ஓகஸ்ட் 19
நகரத்தில் கன்னியாஸ்திரி றீற்றா சிஸ்டர் நடத்தும் சிறுவர் விடுதியில் ஆரென்று தெரியாத ஒரு பெண்பிள்ளை. கேள்விப்பட்டதும் அட்டையோடு ஓடினேன். முகாமை விட்டு வரப் புஷ்பவதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. வயது சரி. மங்கலான படத்தோடு பார்க்கச் சாயலும் சரி போலத்தான் இருந்தது. பெயர் கேட்டால் பிள்ளை வாயே திறக்கவில்லை. ஆனால் இடக் கன்னத்தில் மிளகளவு மச்சம். அட்டையில் அடையாளம் இல்லை.
"அப்ப இந்தப் பிள்ளை இல்லை," என்றார் சிஸ்டர். "நேற்றும் ஒருத்தி தன்ர பிள்ளையெண்டு வந்து நிண்டவ. மாறிக் குடுத்தா ரெண்டு தாய்க்கும் அநியாயம்."

ஓகஸ்ட் 20
அது உங்கள் பிள்ளை இல்லை, அதுக்கு இடக் கன்னத்தில மச்சமிருக்கு என்று புஷ்பவதியிடம் சொன்னேன். அவள் என்னை மறித்துக் கேட்டாள்.
"இடக் கன்னத்திலயா? அது என்ர யதுசா. அந்த மச்சத்துக்கு மேலதான் நான் பொட்டு வைக்கிறனான்."
எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கேட்டேனே, வாயைத் திறந்து சொன்னால் என்ன? கத்தியே விட்டேன்.
"போன வருசமும் பேரெழுதத்தான் வந்தவங்கள். பிறகு என்ர மூத்தவனைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இவளையும் எப்பிடி எழுதக் குடுப்பன்?"
வந்தது ஆர் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் ஏலாது.

ஓகஸ்ட் 21
சிஸ்டர் நம்பவில்லை. மச்சம் இருக்கு என்று கேட்ட பிறகு ஆரும் சொல்லலாம்தானே என்கிறார். அவரில் பிழையில்லை. முந்திக்கொண்டு உளறினது நான். அதைத் தாயின் வாயாலே வரவிட்டிருக்க வேணும். இனி எதைக் காட்டி நிரூபிக்கிறது? மண்டை வெடிக்குது.

ஓகஸ்ட் 24
அனுமதி கிடைத்துப் புஷ்பவதியைக் கூட்டிப்போனேன். பிள்ளை தாயைக் கண்டும் வரவில்லை, சிஸ்டருக்குப் பின்னால் ஒளிந்தது.  இதுவும் இல்லையென்றால்? புஷ்பவதி கூப்பிடவுமில்லை, அழவுமில்லை. முகாமில் ஆரிடமோ வாங்கி வந்திருந்த பொட்டு மையை விரலில் தொட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தாள். பிள்ளை எட்டிப் பார்த்தது. மெல்ல வந்து, கண்ணை மூடி, இடக் கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தது.
"கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் சிஸ்டர்.

செப்டெம்பர் 2
முகாமில் புது அட்டை எழுதினோம். புஷ்பவதி முதல் ஆளாக வந்து நின்றாள். மச்சம் தெரியப் படமெடுக்கச் சொன்னாள். பெயர் எழுதினேன், வயது எழுதினேன். ஊர் எழுதப்போன கையை மெல்லப் பிடித்தாள்.
"அதை மட்டும் எழுதாதேங்கோ மிஸ். இவள் வளந்திட்டா, அங்க வந்து தேடுவாங்கள்."
ஊரில்லாத அட்டையால் என்ன பிரயோசனம் என்று வாய்வரைக்கும் வந்தது. நான் எழுதவில்லை.